துரகர் மாடு மேய்ப்பது எப்போது?

வாசகர் கேள்வி, ஜனவரி 6

கற்பனை உலகில் நடக்கும் ஒரு நாவல் எழுதிக்கொண்டிருக்கிறேன். அதில் துரகர் என்று ஒரு குடி. முடிவே இல்லாத புல்வெளியில் திரிகிறவர்கள். 5,000 குதிரைவீரர்கள், ஒரு லட்சம் மாடுகள், ஆளுக்கொரு வெள்ளைக் குதிரை. தினமும் விறகுத் தீயில் வாட்டிய மாட்டிறைச்சிதான் சாப்பாடு. குளிர்காலத்தில் பனி இடுப்பளவு நிற்கும். ஆண்டுக்கொரு முறை தெற்கே இறங்கி உழவர் ஊர்களைக் கொளுத்திவிட்டு, அங்குள்ள மாடுகளை ஓட்டிக்கொண்டு இரவோடு இரவாக மறைந்துவிடுவார்கள். பெண்கள் கூடாரங்களில் காத்திருப்பார்கள். படிக்கிறவர்கள் நம்புவார்களா? குறை இருந்தால் சொல்லுங்கள்.

ஜனவரி 6, இரவு

உங்கள் துரகர் மாடு மேய்ப்பது எப்போது? சண்டை இருக்கிறது, சாப்பாடு இருக்கிறது, காத்திருப்பதற்குக்கூட ஆள் இருக்கிறது. ஒரு லட்சம் மாட்டைக் காலையில் ஓட்டிப்போய்த் தண்ணீர் காட்ட ஒருத்தரையும் காணோம்.

முதலில் கணக்கு. 5,000 வீரர் என்றால் குழந்தை, கிழவர், பெண்கள் எல்லாம் சேர்த்து 25,000 பேராவது இருப்பார்கள். பாலை நம்பி வாழும் மேய்ச்சல் குடிகளுக்கு ஆளுக்கு நாலைந்து மாடாவது இருந்தால்தான் பிழைப்பு ஓடும் என்பது பொதுவாகச் சொல்லும் கணக்கு. அப்படிப் பார்த்தால் உங்கள் ஒரு லட்சம் மாடு பஞ்சத்துக்கு ஒரு படி மேலே, அவ்வளவுதான். வறண்ட புல்வெளியில் ஒரு மாட்டுக்கு 5 ஹெக்டேர் என்று வைத்தாலே 5,000 சதுர கிலோமீட்டர் வேண்டும். ஏறக்குறைய திருப்பூர் மாவட்டம் முழுக்க. இதில் குதிரைக்கு இன்னும் புல் ஒதுக்கவில்லை.

குதிரையும் ஆளுக்கொன்று போதாது. 1867க்குப் பிறகு டெக்சாஸிலிருந்து கான்சாஸ் ரயிலடிக்கு சிசம் தடத்தில் மந்தை ஓட்டியவர்களைப் பாருங்கள். 2,500 மாட்டுக்குப் பத்துப் பன்னிரண்டு பேர்தான் போவார்கள். ஆனால் ஒவ்வொருவருக்கும் ஐந்தாறு குதிரையாவது கூடவே வரும். காலைக்கு ஒன்று, மத்தியானத்துக்கு ஒன்று, இரவுக் காவலுக்கு இருட்டில் கால் இடறாத ஒன்று. மாட்டை வளைத்து வளைத்து ஓடும் குதிரை சீக்கிரம் ஓய்ந்துவிடும். தானியம் கிடைக்காமல் புல்லை மட்டும் தின்பது இன்னும் சீக்கிரம். இத்தனை ஏற்பாட்டுக்கும் மந்தை நாளெல்லாம் நடக்கும் தூரம் 15 முதல் 25 கிலோமீட்டர். இந்த எண்ணைக் குறித்து வையுங்கள், கொள்ளைக்கு வரும்போது மறுபடி இதற்குத்தான் வருவேன்.

ஜனவரி 7

தினமும் மாட்டிறைச்சி என்பதைத் தூக்கிவிடுங்கள். பசுவுக்குச் சினை ஒன்பது மாதத்துக்குச் சற்று மேல். கிடேரி முதல் கன்று ஈன மூன்று வயதாகும். கன்றில் பாதி காளைக்கன்று. 25,000 பேர் தினம் கறி தின்றால் பட்டி சீக்கிரமே காலி. மேய்ப்பவர்கள் உண்டு வாழ்வது பாலை. வெட்டுவது கிழடு, மலடு, கால் ஒடிந்தது. அப்புறம் விருந்து. மங்கோலியர்கள் குளிர் இறங்கும் சமயத்தில் மொத்தமாக வெட்டிக்கொள்வார்கள். வெளியில் வைத்தாலே உறைந்து நிற்கும், வசந்தம் வரை வரும்.

குதிரைப் பாலையும் மறந்துவிட்டீர்கள். கஜகஸ்தானில் போத்தாய் என்ற இடத்தில் கிடைத்த, கி.மு. 3500 வாக்கிலான பானைச் சில்லுகளில் குதிரைப் பாலின் கொழுப்பு ஒட்டியிருந்ததைக் கண்டுபிடித்து 2009இல் வெளியிட்டார்கள். மங்கோலியாவில் இன்றும் கோடையில் அதைப் புளிக்கவைத்து ஐராக் ஆக்குகிறார்கள். வாசலோரம் ஒரு தோல் பை தொங்கும், உள்ளே மத்து. யார் உள்ளே நுழைந்தாலும் நாலு கடை கடைந்துவிட்டுத்தான் உட்காருவார்கள். லேசான போதை உண்டு.

கறப்பது லேசில்லை. குதிரையின் மடி சின்னது, கொஞ்சம்தான் தேங்கும். அதனால் இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை, பகலில் ஐந்தாறு தடவை கறக்க வேண்டும். குட்டியை முதலில் ஊட்ட விட்டு, சுரந்ததும் இழுத்துப் பக்கத்திலேயே நிறுத்திக்கொண்டு கறப்பார்கள். இதைப் படித்தபோது எனக்குப் புதிதாகத் தெரியவில்லை. காங்கேயம் பக்கம் கொறங்காட்டில், அதாவது வேலி போட்ட மேய்ச்சல் காட்டில், மாடு விட்டு வளர்ந்த வீடு எங்களுடையது. கன்று முட்டாமல் எங்கள் மாடு எதுவும் பால் இறக்காது, அடக்கிக்கொள்ளும். கன்று செத்துப்போனால் அதன் தோலுக்குள் வைக்கோலைத் திணித்து நாலு குச்சியில் நிறுத்துவார் என் பாட்டி. உப்புத் தண்ணீரைக் கையில் அள்ளி அதன் முதுகில் தெளிப்பார், நக்கட்டும் என்று. மாடு நக்கும். பாட்டி கறப்பார். சின்ன வயதில் அந்தப் பக்கமே போகமாட்டேன்.

இப்படி ஒரு காட்சி உங்கள் நாவலில் வந்தால், ஐந்தாயிரம் வாள் மின்னுவதைவிட துரகர் யார் என்று சட்டென்று தெரிந்துவிடும்.

ஜனவரி 7, சற்று நேரம் கழித்து

ஆளுக்கொரு வெள்ளைக் குதிரையாம். வெள்ளையாகத் தெரியும் குதிரைகளில் பெரும்பாலானவை கருத்தோ பழுப்பாகவோ பிறந்து, வயதாக வயதாக வெளுப்பவை. 5,000 வெள்ளைக் குதிரை என்றால் உங்களிடம் இருப்பது முதியோர் இல்லம்.

இன்னொன்று, நாயகன் ஏறுவது பொலிகுதிரை என்று பெருமையாக எழுதுவீர்கள், எல்லோரும் எழுதுகிறார்கள். புல்வெளியில் பொலிகுதிரைக்கு வேலை, பத்துப் பதினைந்து பெட்டைகளைக் கூட்டமாகக் கட்டிக் காப்பது. அப்படிப்பட்ட இரண்டை அருகருகே நிறுத்தினால் நாயகர்கள் சண்டை போடத் தேவையே இல்லை. மங்கோலியர் அன்றாடம் ஏறுவது காயடித்த குதிரை. நாயகனுக்குக் கம்பீரம் குறையும் என்று கவலைப்பட்டால், செங்கிஸ் கானின் படையை நினைத்துக்கொள்ளுங்கள்.

ஜனவரி 9

இடுப்பளவு பனி. இங்கேதான் உங்கள் உலகமே உடைகிறது.

பனிக்கு அடியில் இருக்கும் புல்லைக் குதிரை குளம்பால் கிளறித் தின்னும். ஆடு அதன் பின்னாலேயே போய்க் கிளறிய இடத்தில் பிழைத்துக்கொள்ளும். மாட்டுக்கு அந்த வித்தை வராது. மூக்கால் கொஞ்சம் தள்ளிப் பார்க்கும், பனி இறுகியிருந்தால் நின்றுவிடும். அதனால்தான் மங்கோலியர்கள் ஐந்து வகைக் கால்நடை வைத்திருக்கிறார்கள்: குதிரை, மாடு, ஒட்டகம், செம்மறி, வெள்ளாடு. எண்ணிக்கையில் ஆடுகளே அதிகம். குதிரை பெருமைக்கு, செம்மறி வயிற்றுக்கு என்று வைத்துக்கொள்ளலாம்.

அவர்களுக்கே பனி மிஞ்சினால் பேரழிவு. சுட் என்பார்கள். கோடை வறட்சியில் கால்நடை கொழுப்பு ஏறாமல் நிற்கும், பின்னாலேயே கடுங்குளிர் வரும். 2009-10 குளிர்காலத்தில் மங்கோலியாவில் 80 லட்சத்துக்கும் மேற்பட்ட கால்நடைகள் செத்தன. மந்தை போன குடும்பங்கள் தலைநகர் உலான்பாத்தர் ஓரத்தில் கூடாரம் அடித்துக்கொண்டு கூலி வேலை தேடின.

ஆக, இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். பனி வேண்டுமென்றால் துரகர் செம்மறி மேய்ப்பவர்கள், மாடு கொஞ்சம் கூட இருக்கலாம். மாடுதான் வேண்டுமென்றால் வெப்பமான புல்வெளிக்கு வாருங்கள். குதிரையேறி மாடு மேய்த்தவர்கள் அங்கே நிறைய: வெனிசுவேலா, கொலம்பியா எல்லையின் யானோஸ் சமவெளி, அர்ஜென்டினாவின் பம்பாஸ், எத்தியோப்பியாவின் ஒரோமோ நாடு, தெற்கு ஆப்பிரிக்காவின் லெசோத்தோ. (லெசோத்தோ மலையில் பனி விழும். ஆனால் மேய்ப்பவர்கள் கோடையில் மேலே ஏறி, குளிருக்கு இறங்கிவிடுவார்கள்.)

என் ஓட்டு யானோஸுக்கு. வருஷத்தில் பாதி நாள் வெள்ளக்காடு, பாதி நாள் வெடித்த மண். மாட்டை மேட்டுக்கு ஏற்றுவதும் பள்ளத்துக்கு இறக்குவதுமே வாழ்க்கை. பனியைவிட உங்களுக்குக் கதை அதிகம் தரும்.

ஜனவரி 9, இரவு

"காட்டுக்குள் துரத்திப்போய் வென்றார்கள்" என்று இரண்டாம் பகுதிக்கு ஒரு திட்டம் போட்டிருக்கிறீர்கள். வெப்பமான நாடு என்றால் ஈயை நினையுங்கள். ஆப்பிரிக்காவில் ட்செட்சே ஈ பரப்பும் நோய் குதிரையையும் மாட்டையும் சேர்த்தே கொல்லும். சஹாராவுக்குத் தெற்கே உள்ள சஹேல் புல்வெளியின் குதிரைப்படை அரசுகள் தெற்குக் காட்டுக்குள் நுழைய முடியாமல் நின்றதற்கு அந்த ஈயும் ஒரு காரணம்.

குதிரை இருந்தால் வெற்றி நிச்சயம் என்பதும் கதைதான். 1804இல், இன்றைய நைஜீரியாவின் வடக்கில், உஸ்மான் டான் ஃபோடியோ என்ற மதத் தலைவரின் ஆட்கள், பெரும்பாலும் ஃபுலானி மேய்ப்பர்கள், கோபிர் அரசின் குதிரைப்படையைத் தப்கின் க்வாட்டோ ஏரிக்கரையில் எதிர்கொண்டபோது அவர்களிடம் குதிரை மிகக் குறைவு. நின்ற இடத்திலிருந்து வில்லாலேயே ஜெயித்தார்கள்.

ஜனவரி 11

கொள்ளைக்கு வருகிறேன். "இரவோடு இரவாக மறைந்துவிடுவார்கள்." எப்படி மறைவார்கள்? போகும்போது குதிரை வேகம், திரும்பும்போது மாட்டு வேகம். நாளுக்கு 15 முதல் 25 கிலோமீட்டர். அடித்துத் துரத்தினாலும் கொஞ்சம்தான் கூடும், வழியெல்லாம் கன்று விழும். பின்னால் தூசி ஒரு காதத்துக்குத் தெரியும். திருடுவது சுலபம், வீடு போய்ச் சேர்வதுதான் சிரமம்.

இதைச் சரியாகப் புரிந்துகொண்டவர் அர்ஜென்டினாவின் போர் அமைச்சர் அடோல்ஃபோ அல்சினா. 19ஆம் நூற்றாண்டில் பம்பாஸின் மபுச்சே, ரான்கெல் மக்கள் எல்லைப் பண்ணைகளில் இறங்கி ஆயிரக்கணக்கில் மாடுகளை ஓட்டிப்போவார்கள். ஆண்டிஸ் மலையைத் தாண்டி சிலியில் விற்பார்கள். அந்த மந்தைகள் நடந்து நடந்தே பம்பாஸில் அகலமான தடங்கள் விழுந்திருந்தன. 1876இல் அல்சினா எல்லை நெடுக அகழி வெட்டத் தொடங்கினார். ஏறக்குறைய இரண்டு மீட்டர் ஆழம். 370 கிலோமீட்டருக்கு வெட்டி முடித்தார்கள்.

குதிரைவீரன் அகழியை எப்படியும் தாண்டுவான், அது அல்சினாவுக்கும் தெரியும். மாடு தாண்டாது. மாட்டைக் கடத்த கரையை இடித்துச் சரிவு கட்ட வேண்டும், அதற்குள் கோட்டையிலிருந்து படை வந்துவிடும். வருகிறவனை விட்டுவிட்டு, மாட்டோடு திரும்புகிறவனுக்குப் போட்ட தடை அது. 1877 கடைசியில் அல்சினா இறந்தார். அடுத்து வந்த ரோக்காவுக்கு அகழியில் நம்பிக்கையில்லை. 1879இல் படையோடு போய் அந்த மக்களையே அழித்து விரட்டினார். பம்பாஸ் பண்ணைக்காரர்கள் கைக்குப் போனது.

உங்கள் தெற்கு நாட்டு அரசன் மதில் கட்டுவதாக எழுதியிருக்கிறீர்கள். அகழி வெட்டச் சொல்லுங்கள். செலவு குறைவு, புத்திசாலி என்றும் பெயர் வரும்.

ஜனவரி 12

ஒருவர் இடையில் புகுந்து, தமிழ்நாட்டில் ஏன் துரகர் மாதிரி ஒரு குடி உருவாகவில்லை என்று கேட்டிருக்கிறார். மாடு கவர்வதற்குக் குறைவே இல்லை. வெட்சியும் கரந்தையும் பள்ளிக்கூடத்திலேயே படித்தோம். தேனி மாவட்டம் புலிமான்கோம்பையில் கிடைத்த தமிழிப் பொறிப்புள்ள நடுகல்லே ஆகோளில், அதாவது மாடு கவர்ந்த பூசலில், செத்தவனுக்கு நட்டது. ஆனால் அதெல்லாம் காலால் நடந்துபோய்ச் செய்த வேலை. குதிரை நமக்குக் கப்பலில் வந்த சரக்கு. பாண்டிய நாட்டு அரசர்கள் ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கில் குதிரை வாங்குகிறார்கள், அடுத்த வருஷத்துக்கு நூறுகூட மிஞ்சுவதில்லை என்று மார்க்கோ போலோ எழுதியிருக்கிறார். பராமரிக்கத் தெரியாமல் வேகவைத்த சோறும் கறியும் போடுகிறார்கள் என்கிறார். அவர் சொன்னதை அப்படியே நம்ப வேண்டியதில்லை. இருந்தாலும் குதிரைக்குக் கறிச்சோறு போட்டது நம்ம ஆள் என்றால் நான் நம்பிவிடுவேன். விருந்தாளியாயிற்றே.

சரி, துரகருக்குத் திரும்புவோம்.

ஜனவரி 14

பெண்கள் காத்திருப்பார்கள் என்ற வரி என்னை விடமாட்டேன் என்கிறது.

1253இல் மங்கோலியர் நாட்டுக்குப் போன வில்லியம் ரூப்ரூக் என்ற ஃபிளாண்டர்ஸ் துறவி, யார் யார் என்ன வேலை செய்கிறார்கள் என்று எழுதிவைத்திருக்கிறார். ஆண்கள் வில், சேணம், கூடாரச் சட்டம் செய்கிறார்கள். குதிரை மேய்த்து, குதிரைப் பால் கறக்கிறார்கள். பெண்கள் மாட்டுப் பால் கறந்து வெண்ணெயும் தயிர்க்கட்டியும் எடுக்கிறார்கள், தோல் பதப்படுத்துகிறார்கள், தைக்கிறார்கள், வண்டி ஓட்டுகிறார்கள். வண்டி என்றால் நம் கூட்டு வண்டி இல்லை. கூடாரத்தைப் பிரிக்காமல் அப்படியே ஏற்றிய வண்டிக்கு 22 எருதுகள் பூட்டியிருந்ததை எண்ணினாராம், பதினொன்று பதினொன்றாக இரண்டு வரிசை. சக்கரங்களுக்கு இடையே 20 அடி. அச்சு கப்பலின் பாய்மரம் கணக்காக இருந்தது என்கிறார். சின்ன வண்டிகளை ஒன்றன்பின் ஒன்றாகக் கட்டி, ஒரே பெண் இருபது முப்பது வண்டிகளை ஓட்டிப் போவாளாம்.

ஆண்கள் சண்டைக்குப் போன மூன்று மாதமும் மந்தை நிற்காது. புல் தீர்ந்தால் நகர்ந்தாக வேண்டும். எங்கே போவது, எந்தக் கிணற்றில் யாருக்குப் பிறகு யார், எந்தக் கன்றை விற்பது, எல்லாவற்றையும் முடிவு செய்கிறவள் அங்கே இருக்கிறவள்தான். கூடாரத்தில் உட்கார்ந்து வழி பார்த்தால், இவர்கள் திரும்பி வரும்போது பார்ப்பதற்கு மந்தை இருக்காது.

ஜனவரி 14, பின்னிரவு

விறகுத் தீ! மரமே இல்லாத முடிவற்ற புல்வெளி என்று நீங்கள்தான் எழுதினீர்கள். எரிப்பது சாணி. நம் வறட்டி தட்டும் வேலைகூட இல்லை, வெயிலில் காய்ந்ததைக் கூடையில் பொறுக்கிவந்தால் போதும். கருங்கடலுக்கு வடக்கே புல்வெளியில் திரிந்த சித்தியர்கள், விறகு இல்லாததால் பலியிட்ட மாட்டின் எலும்பையே அடுப்பில் வைத்து அதன் கறியை வேகவைத்தார்கள் என்கிறார் பழைய கிரேக்க வரலாற்றாசிரியர் ஹெரோடோட்டஸ். அண்டா இல்லையென்றால் அதன் இரைப்பையே பாத்திரம். மாடு தன்னைத்தானே சமைத்துக்கொள்கிறது என்று அவரே வேடிக்கையாகச் சொல்கிறார்.

ஜனவரி 17

துரகருக்கு அரசன் யார், எதனால் அரசன் என்று கேட்டிருந்தீர்கள். வாள் வலிமையால் என்று எழுதாதீர்கள். மாடு கடன் கொடுப்பதால் என்று எழுதுங்கள்.

லெசோத்தோவின் பசோத்தோ மக்கள் உங்கள் துரகருக்கு மிக நெருக்கமானவர்கள். 1820களின் தொடக்கத்தில் அவர்களிடம் குதிரையே கிடையாது. போரும் பஞ்சமும் துரத்த, சிதறி ஓடிவந்த குடிகளை மொஷூஷூ என்ற தலைவர் 1824 முதல் தபா போசியூ என்ற தட்டை உச்சி மலையில் ஒன்றுசேர்த்தார். வந்தவனுக்கு மாடு கொடுத்தார், இரவலாக. மஃபீசா என்று அந்த முறைக்குப் பெயர். பால் உனக்கு, ஏர் உழுவது உனக்கு. மாடும் அது ஈனும் கன்றும் எனக்கு. வெறுங்கையோடு வந்த குடும்பம் அன்றைக்கே பால் குடிக்கும், ஆனால் தலைவரை விட்டுப் போகமுடியாது. தலைவருக்கோ மந்தை பல இடத்தில் சிதறி இருப்பதால் ஒரே நோயில், ஒரே கொள்ளையில் எல்லாம் போகாது. இரண்டு பக்கமும் லாபம். தர்மமா தந்திரமா என்று கேட்டால் இரண்டும்தான்.

குதிரையை அவர்கள் பழகிய வேகமும் அதிசயம். 1852 டிசம்பரில், தெற்கு ஆப்பிரிக்காவின் கேப் பகுதியை ஆண்ட ஆங்கில ஆளுநர் காத்கார்ட், 10,000 மாடும் 1,000 குதிரையும் அபராதம் கட்டு என்று மொஷூஷூவுக்குச் சொல்லி அனுப்பினார். 3,500 மாடு வந்தது. மீதிக்காக ஆங்கிலப் படை பெரியா மேட்டில் ஏறி, கண்ணில் பட்ட மந்தைகளை மடக்கியது. மாடு ஓட்டுவதில் சிக்கிக்கொண்ட ஆங்கிலேயரின் ஈட்டிக் குதிரைப்படையை பசோத்தோ குதிரைவீரர்கள் வந்து தாக்கினார்கள். பார்த்தீர்களா, அதே மாட்டு வேகம்தான். ஜனவரி 11ஆம் தேதி எழுதியது கொள்ளைக்காரனுக்கு மட்டுமில்லை, பேரரசுக்கும் பொருந்துகிறது. அன்றிரவே மொஷூஷூ, நீங்கள் ஜெயித்துவிட்டீர்கள், இத்தோடு போதும் என்கிற தோரணையில் பணிவாக ஒரு கடிதம் எழுதினார். திரும்பிப்போக மரியாதையான ஒரு காரணம் கிடைத்த சந்தோஷத்தில் காத்கார்ட் கிளம்பிவிட்டார்.

இந்த மனிதர் உங்கள் நாவலில் இருந்தால் வேறு நாயகனே வேண்டாம்.

ஜனவரி 18

அரசனே இல்லாமலும் நடத்தலாம். ஒரோமோ மக்களின் கடா முறையில் ஆண்கள் வயது அடுக்குகளாகப் பிரிந்திருப்பார்கள். எட்டு ஆண்டுக்கு ஒரு முறை பொறுப்பு அடுத்த அடுக்குக்குக் கைமாறும். 2016இல் யுனெஸ்கோவின் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்ந்தது. எட்டு ஆண்டு ஆனதும் இறங்க மாட்டேன் என்று ஒருவன் அடம்பிடிப்பதாக வைத்தாலே ஒரு பாகம் ஓடும்.

எத்தியோப்பியாவிலிருந்து இன்னொரு சரக்கு: அங்கே அந்தக் காலத்தில் பெரிய வீரனைக் குதிரையின் பெயரால் அழைப்பார்கள், இன்ன குதிரைக்கு அப்பா என்று. பேரரசர் தெவோத்ரோஸ் அப்பா தாத்தெக். மெனலிக் அப்பா தாஞ்னியூ. ஹைலே செலாசிக்குக்கூட அப்பா தெக்கெல் என்று பெயர் உண்டு. உங்கள் நாயகனுக்கு ஏழெழுத்துப் பெயர் வைத்திருக்கிறீர்கள், வாயில் நுழையவில்லை. குதிரையின் அப்பனாக்கிவிடுங்கள்.

ஜனவரி 21

ஊரைக் கொளுத்தும் அத்தியாயத்தை நேற்று பதிவேற்றியிருந்தீர்கள், படித்தேன். நன்றாக எரிகிறது. அடுத்த வருஷம் துரகருக்குத் தானியம் யார் தருவார்கள்?

பாலும் கறியும் மட்டும் தின்று, தாமே எல்லாம் செய்துகொண்ட நாடோடி கதைகளில்தான் உண்டு. மாவு, இரும்பு, துணி, தேயிலை எல்லாம் உழவர் பக்கத்திலிருந்து வர வேண்டும். சீனத்தின் சொங் அரசு 1074இல் தேயிலை கொடுத்துக் குதிரை வாங்குவதற்கென்றே தனி அலுவலகம் வைத்தது. அதற்கு முன்பு தாங் அரசர்கள் காலத்தில் உய்குர் என்ற புல்வெளிக் குடியினர் ஒரு குதிரைக்கு 40 சுருள் பட்டு வாங்கினார்கள். கிழட்டுக் குதிரையைத் தலையில் கட்டுகிறார்கள் என்று சீன அதிகாரிகள் புலம்பினார்கள், வேண்டாம் என்று சொல்லத் தைரியமில்லை. ஹங்கேரியின் நீண்ட கொம்புச் சாம்பல் மாடுகள் வியன்னா, நியூரம்பெர்க் வரை நடந்தே போய் விற்றன.

கொளுத்துவதைவிட, கொளுத்திவிடுவோம் என்று பயம் காட்டி ஆண்டுதோறும் நல்ல விலை வாங்குவது புத்திசாலித்தனம். கொளுத்துகிற வருஷம் ஏதோ கெட்டுப்போன வருஷமாக இருக்க வேண்டும்: மந்தை செத்திருக்கிறது, அல்லது சந்தையை அவர்கள் மூடிவிட்டார்கள். அந்தக் காரணத்தை முன்னால் வையுங்கள். தீ தானாக நியாயமாகிவிடும்.

ஜனவரி 22

இன்னொரு காரணமும் உண்டு, கஜகர்களிடம் இருந்தது. பரிம்தா. ஒரு குடும்பம் மற்றொன்றுக்கு அநியாயம் செய்து ஈடு தராமல் இழுத்தடித்தால், பாதிக்கப்பட்டவர்கள் பகலில், அறிவித்துவிட்டு, அவர்களுடைய மந்தையை ஓட்டிக்கொண்டு வருவார்கள். பேச்சு முடிந்ததும் திருப்பிக் கொடுப்பார்கள். திருட்டு என்று அவர்கள் நினைக்கவில்லை, வழக்கின் ஒரு கட்டம். 19ஆம் நூற்றாண்டில் ரஷ்ய நிர்வாகம் அதைக் குற்றம் என்று சட்டம் போட்டது. உங்கள் தெற்கத்தியர் கண்ணுக்குக் கொள்ளை, துரகர் கண்ணுக்கு நோட்டீஸ். ஒரே சம்பவத்தை இரண்டு பேர் வாயால் சொல்லவைக்கலாம்.

ஜனவரி 26

யானோஸைத் தேர்ந்தெடுத்துவிட்டீர்கள். சந்தோஷம். அங்கிருந்து சில:

அங்கே மாடு கறப்பவர் பாடிக்கொண்டே கறப்பார், ஒவ்வொரு மாட்டையும் பெயர் சொல்லி. மந்தை ஓட்டும்போது முன்னால் போகிறவர் பாட, பின்னால் வருகிறவர்கள் குரல் கொடுப்பார்கள். ராக்காவலில் விசிலும் பாட்டும் நிற்கவே கூடாது. மாடு இருட்டில் மிரள்வது திடீர்ச் சத்தத்துக்கு. தொடர்ந்து கேட்கும் மனிதக் குரலுக்கு மிரளாது. கொலம்பியாவும் வெனிசுவேலாவும் சேர்ந்து கேட்டு, 2017இல் யுனெஸ்கோ அவசரமாகக் காக்க வேண்டியவை பட்டியலில் இந்தப் பாட்டுகளைச் சேர்த்தது. மாடுகள் இப்போது லாரியில் போகின்றன.

செருப்பு கிடையாது. அங்கவடியை, அதாவது சேணத்திலிருந்து கால் வைக்கத் தொங்கும் வளையத்தை, கால் கட்டைவிரலால் பற்றிக்கொள்வார்கள். (அங்கவடி எல்லாக் காலத்திலும் இருந்ததில்லை. சித்தியர்கள் அது இல்லாமலே ஓடினார்கள். ஜோடி அங்கவடியோடு தெரியும் மிகப் பழைய உருவங்களில் ஒன்று கி.பி. 322இல் சீனாவின் நான்ஜிங் அருகே ஒரு கல்லறையில் வைத்தது.)

விசுவாசம் என்று ஒரு அத்தியாயம் முழுக்க எழுதியிருக்கிறீர்கள். யானோஸ் குதிரைவீரர்கள் 1814இல் போவெஸ் என்பவர் தலைமையில் ஸ்பெயின் அரசனின் பக்கம் நின்று வெனிசுவேலாவின் விடுதலைப் படையைச் சின்னாபின்னமாக்கினார்கள். அந்த வருஷக் கடைசியில் போவெஸ் போரில் செத்தார். அடுத்த சில ஆண்டுகளில் அதே ஆட்கள் பலர் பாயெஸ் என்ற இன்னொரு தலைவர் பின்னால் விடுதலைப் பக்கம். தலைவன் தங்களில் ஒருவனாக இருக்கிறானா, மாடும் நிலமும் தருகிறானா, இவ்வளவுதான் கேள்வி. 1818இல் பாயெஸின் ஆட்கள் சிலர் குதிரையோடு அபூரே ஆற்றில் நீந்திப் போய் ஸ்பானியப் படகுகளைப் பிடித்தார்கள். குதிரைப்படை கப்பல் பிடித்தது என்று நீங்கள் கற்பனையில் எழுதியிருந்தால் நானே அடித்துவிட்டிருப்பேன்.

போர் முடிந்ததும் வாக்குக் கொடுத்த நிலம் பெரும்பாலும் தளபதிகளிடம் சேர்ந்தது, பாயெஸ் உட்பட. உங்கள் மூன்றாம் பாகத்துக்கு இதை வைத்துக்கொள்ளுங்கள்.

ஜனவரி 30

சிதறி மேயும் துரகர் எல்லோரும் எங்கே, எதற்காக ஒன்றுகூடுவார்கள் என்று கேட்கிறீர்கள். உப்புக்காக. மாட்டுக்கு உப்பு வேண்டும், புல்லில் அது போதாது. நைஜரில் மழை முடிந்ததும் இன்கால் பக்கத்து உவர்த் தரைக்கு வோடாபே, துவாரெக் மேய்ப்பர்கள் மந்தையோடு வந்து சேர்வார்கள். மாடு நக்கும். மனிதர்கள் கல்யாணம் பேசுவார்கள், கடன் தீர்ப்பார்கள், ஒட்டகம் ஓட்டுவார்கள். அரண்மனைக் காட்சியை எடுத்துவிட்டு உவர்த் தரையைப் போடுங்கள். நாயகி நாயகனைப் பார்ப்பதும் அங்கேயே நடக்கட்டும். அவன் குதிரையை அவள் பார்க்க வேண்டாம். அவன் மாட்டின் விலா எலும்பு தெரிகிறதா என்று பார்ப்பாள். எங்கள் ஊரில் பெண் கொடுக்க வந்தவர்கள் நேராகப் பட்டிக்குத்தான் போவார்கள்.

குதிரைக்கு லாடம் அடிக்கும் கொல்லன் பாத்திரம் வேண்டுமா என்ற கடைசிக் கேள்விக்கு: மங்கோலியக் குதிரைகள் பெரும்பாலும் லாடம் இல்லாமலே ஓடுகின்றன, புல் தரைக்குத் தேவைப்படுவதில்லை. கொல்லனை எடுத்துவிடாதீர்கள், சூட்டுக்கோல் அடிக்கட்டும். கன்றுக்கு யாருடைய சூடு போடுவது என்பதில் உங்கள் இரண்டு அண்ணன் தம்பிகளும் அடித்துக்கொள்ளலாம். தாய் மாடு இரவல் மாடு என்று வைத்தால் சண்டை தீரவே தீராது.